சாட்சி இல்லாத சமையல்: கொச்சியில் கோஷர் உணவும் யூத வாழ்வும்

1. கேள்வி

கொச்சிக்கு வரும் யூதப் பயணி, தன் மத நெறி வழுவாமல் எங்கே சாப்பிடலாம் என்பது பார்வைக்குச் சின்னக் கேள்வி. பயணக் கையேடுகள் அதை இரண்டு வரியில் முடித்துவிடும்: சைவ உணவகங்கள் உண்டு, பழங்கள் உண்டு, டின் உணவு கையோடு கொண்டுவந்தால் நல்லது. ஆனால் இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு வேறு ஒரு கனம் உண்டு. ஆயிரம் ஆண்டுகளாக யூதர் வாழ்ந்த கரை இது. 1568-ல் கட்டப்பட்ட பரதேசி ஜெபாலயம் மட்டாஞ்சேரியில் இன்றும் நிற்கிறது. யூதத் தெருவின் பெயரும் மாறவில்லை. பழைய வீடுகளில் நடக்கும் விடுதிகளின் உணவுப் பட்டியலில் கொச்சி யூதர் பலகாரங்கள் இடம்பெறுகின்றன. இத்தனையும் இருந்தும், நெறி பிசகாத யூதர் ஒருவர் அந்தப் பட்டியலை நம்பிக் கை நனைக்க முடியாது.

சமையல் முறை மிஞ்சியிருக்க, அதன் மதத் தகுதி மட்டும் எப்படிப் போயிற்று என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது. கோஷர் என்ற யூத உணவு நெறியைத் தடைசெய்யப்பட்ட பண்டங்களின் பட்டியலாகவே பொதுவாக விளக்குகிறோம். அந்த விளக்கம் கொச்சிக்குப் போதாது. கோஷரை உணவுக்குப் பின்னால் நிற்கும் ஆட்களின் ஏற்பாடாகப் பார்த்தால்தான் இந்த ஊரின் இன்றைய நிலை விளங்கும் என்பது என் வாதம்.

2. இதுவரையிலான புரிதல்

கொச்சி யூதர் பற்றிய எழுத்துகளில் மூன்று போக்குகளைக் காணலாம்.

முதலாவது, தொன்மையைப் பேசுவது. கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய செப்பேடு இதன் மையம். வட்டெழுத்தில், தமிழும் மலையாளமும் இன்னும் முழுதாகப் பிரிந்திராத நடையில் எழுதப்பட்ட ஆவணம் அது. அஞ்சுவண்ணமும் 72 உரிமைகளும் அதில் வழங்கப்படுகின்றன. அஞ்சுவண்ணம் யூதரின் தனி அமைப்பு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. தமிழ்க் கல்வெட்டுகளிலும் வரும் இந்தப் பெயரை ஆராய்ந்த எ. சுப்பராயலு, மேற்காசிய வணிகர் பலரையும் உள்ளடக்கிய கடல் வணிகக் குழு அது என்று வாதிடுகிறார். 849-ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அரபு, பாரசீக, எபிரேய எழுத்துகளில் சாட்சிக் கையெழுத்துகள் சேர்ந்து காணப்படுவது இந்தக் கருத்துக்கு வலுச்சேர்க்கிறது. 2017-ல் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் பிரதமருக்குச் செப்பேடுகளின் நகல்களைப் பரிசளித்தார். தொன்மைப் பேச்சு இன்று அரசுறவின் மொழியாகவும் ஆகிவிட்டதற்கு அது அடையாளம்.

இரண்டாவது, முடிவைப் பேசுவது. 'கடைசி யூதர்' என்ற சொற்கள் புத்தகத் தலைப்புகளிலேயே திரும்பத் திரும்ப வருகின்றன. 1950-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2,500 பேர் இருந்த சமூகம் அந்தப் பத்தாண்டிலேயே பெரும்பாலும் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தது. நெவாதிம், மெசிலாத் சியோன் போன்ற வேளாண் குடியிருப்புகளில் அவர்கள் குடியமர்ந்தார்கள். பிற்காலத்தில் அயல்நாட்டிலிருந்து வந்தோரின் வழியினரான பரதேசி யூதர் பிற்பாடு, சிறுகச் சிறுகப் போனார்கள். கொச்சியிலேயே தங்கிவிட்ட பரதேசி மூத்தோருள் 2019-ல் சாரா கோஹனும், 2024-ல் குயீனி ஹல்லேகுவாவும் இறந்தபோது நாளேடுகள் தலைகளை எண்ணின. எண்ணிக்கை உண்மைதான். ஆனால் ஒருவர் இறக்கும்போது அவரோடு எந்தப் பணி நின்றுபோகிறது என்பதை அந்த எண்ணிக்கை சொல்வதில்லை.

மூன்றாவது போக்கு நம் கேள்விக்கு மிக நெருங்கியது. நேதன் கட்ஸும் எலன் கோல்ட்பெர்க்கும் 1993-ல் வெளியிட்ட நூலில், கொச்சி யூதர் பஸ்கா பண்டிகைக்குக் காட்டிய கடுந்தூய்மை நம்பூதிரிகளின் ஆசாரத்தை யூதச் சட்டத்துக்குள் உள்வாங்கியதன் விளைவு என்றார்கள். பல வாரங்களுக்கு முன்பே வீட்டைத் துப்புரவாக்குவது, தனிப் பாத்திரங்கள், அரிசியை மணிமணியாகப் பொறுக்குவது, அந்நாட்களில் பிறரை ஒதுக்கி வைப்பது ஆகியவை அவர்கள் காட்டும் சான்றுகள். மடி, தீட்டு அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த வாதம் உடனே மனத்தில் பதியும். பதிவதாலேயே அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பஸ்காவில் புளித்த மாவு ஒரு துளி கலந்தாலும் தடை என்பது யூதச் சட்டத்திலேயே உள்ளது. அரிசியைப் பொறுக்குவதற்கு அந்தச் சட்டமே போதிய காரணம். மேலும் அந்த ஆய்வு பெரிதும் பரதேசி யூதரை வைத்து எழுந்தது. தொன்மையாகவே இங்கு வாழ்ந்த, எண்ணிக்கையில் மிகுந்த மலபாரி யூதரின் சமையலறைகள் அப்போதே கடல் கடந்திருந்தன. ஆகவே ஆசாரச் சூழல் யூதச் சட்டத்தை உருவாக்கவில்லை, அதைக் கடுமையாகப் பின்பற்றுவதற்கு ஊரில் மதிப்பைத் தேடித்தந்தது என்று அளவாகச் சொல்வதே பொருந்தும்.

3. சமையலறை கண்ட வழி

கோஷர் விதிகளின் மூலம் லேவியராகமம் 11-ஆம் அதிகாரத்திலும் உபாகமம் 14-ஆம் அதிகாரத்திலும் உள்ளது. குளம்பு பிளந்து அசைபோடும் விலங்கை உண்ணலாம். செதிலும் துடுப்பும் உள்ள மீனை உண்ணலாம். இறைச்சியையும் பாலையும் சேர்க்கக் கூடாது. குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கக் கூடாது என்று மோசேயின் ஐந்து நூல்களான தோராவில் மூன்று இடங்களில் வரும் கட்டளையிலிருந்து ரபிகள் விரித்ததே இந்தக் கடைசி விதி.

மலபார் கரை இந்த விதிகளுக்கு ஒரு வகையில் கடினமான இடம், இன்னொரு வகையில் மிக எளிதான இடம். இறால், நண்டு, கணவாய், சிப்பி, சுறா, கெளுத்தி என்று அந்த ஊரார் நாவூறும் பாதிப் பொருள்கள் விலக்கப்பட்டவை. ஆனால் மத்தியும் அயிலையும் கரிமீனும் செதில் உள்ளவை. வாங்குபவர் மீனை முழுதாக, தோலோடு பார்க்க வேண்டும். தோல் கிழியாமல் செதில் உரிந்து வர வேண்டும். துண்டு போட்டுத் தோலுரித்த மீன் எவ்வளவு புதிதானாலும் பயனில்லை. மீனுக்கு அறுப்புச் சடங்கும் இல்லை, உப்பிட்டு இரத்தம் நீக்கும் வேலையும் இல்லை. கொச்சி யூதர் சமையலில் மீன் ஓங்கி நிற்பதற்குக் கடலோரம் ஒரு காரணம் என்றால், இந்த எளிமை இன்னொரு காரணம்.

தேங்காய்ப்பால் அதைவிடச் சுவையான செய்தி. ஐரோப்பிய யூதருக்கு இறைச்சிக் குழம்பில் பாலின் கொழுமையைச் சேர்க்க வழியில்லை. பாதாம்பாலைச் சேர்த்தால் பார்ப்பவர் பசும்பால் என்று ஐயுறக்கூடும். ஆகவே பக்கத்தில் பாதாம் பருப்பை வைக்க வேண்டும் என்று 16-ஆம் நூற்றாண்டில் போலந்தின் ரபி மோசே இசர்லெஸ் எழுதினார். கேரளத்தில் அந்த ஐயத்துக்கே இடமில்லை. கோழிக் குழம்பில் வெண்மை தெரிந்தால் அது தேங்காய்ப்பால் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். அண்டை வீட்டாரின் பழக்கமே யூதச் சட்டத்துக்கு வழிவிட்டது. பக்தாதிலிருந்து வந்த மாவுருண்டைகளும், ஸ்பானிய யூதர் வழி வந்த பூரணப் பலகாரங்களும், மலையாள மீன் குழம்பும் ஒரே அடுப்பில் சேர்ந்தது இப்படித்தான். எஸ்ஸி சசூன், பாலா மேனன், கென்னி சேலம் மூவரும் 2013-ல் தொகுத்த சமையல் நூல் இந்தக் கலவைக்கு நல்ல சான்று.

அரிசியும் அப்படியே. மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர் மரபாகப் பஸ்காவில் அரிசியைத் தொடுவதில்லை. ஸ்பானிய யூத மரபான செஃபார்டிய வழக்கைப் பின்பற்றிய கொச்சி யூதர் பொறுக்கிய அரிசியைச் சாப்பிட்டார்கள். அந்த ஐரோப்பிய மரபைப் பின்பற்றும் அமெரிக்கப் பயணி ஒருவருக்குக் கொச்சியின் பஸ்கா விருந்தே விலக்காகத் தோன்றக்கூடும். கோஷர் என்பது எங்கும் ஒரே அளவுகோல் என்ற எண்ணத்தை இது கலைக்கிறது.

4. யார் சொல்லி நம்புவது?

இதுவரை சொன்னவை பண்டங்களைப் பற்றியவை. அவை இன்றும் கொச்சிச் சந்தையில் கிடைக்கின்றன. போனது வேறு.

உணவுத் தடைகளில் நம்பகமான ஒருவரின் சொல்லே போதும் என்பது தல்மூது என்னும் யூதச் சட்டத் தொகுப்பிலிருந்து வரும் நெறி. வழக்குமன்றத்தில் இரண்டு ஆண் சாட்சிகள் வேண்டும். சமையலறையில் ஒரு பெண்ணின் சொல் செல்லும். இந்த மீனுக்குச் செதில் இருந்தது, இந்தப் பாத்திரம் பாலுக்கு உரியது, இந்தக் கீரையில் பூச்சி பார்த்தாயிற்று என்று அவள் சொன்னால் வீடு முழுவதும் சாப்பிடலாம், விருந்தினரும் சாப்பிடலாம். இறைச்சிக்கு இன்னும் ஒருவர் வேண்டும். அறுப்பவர் கத்தியின் விளிம்பை நகத்தால் தடவிப் பார்ப்பார். மயிரிழைப் பிசிறு தட்டினாலும் அந்தக் கத்தி ஆகாது. அறுத்தபின் நுரையீரலைச் சோதிக்க வேண்டும். பிறகு அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, ஒருமணி நேரம் உப்பிட்டு வைப்பது வீட்டாரின் வேலை. திராட்சை மதுவில் விதி இன்னும் இறுக்கமானது: தொடக்கம் முதல் யூதர் கையில் இருக்க வேண்டும். கொச்சி வீடுகளில் சடங்குக்கான மதுவை உலர்திராட்சையிலிருந்து தாங்களே செய்துகொண்டார்கள்.

கொச்சியில் பட்டம் பெற்ற ரபிகள் இருந்ததில்லை. மூத்தோரும், ஓதுவோரும், அறுப்போரும், வீட்டுப் பெண்களுமே இந்தச் சங்கிலியைத் தாங்கினார்கள். வணிகத்துக்கு வந்த யூதர் வீட்டுக்கு அழைக்கப்பட்டார், அங்கே சாப்பிட்டார். கோஷர் உணவகம் என்ற ஒன்று வேரூன்றாததற்கு இதுவே காரணம் எனலாம். வீடே போதுமானதாக இருந்தது.

இந்த நம்பிக்கைச் சங்கிலியை இனிமையாக மட்டும் சித்திரிப்பது பிழை. யாருடைய சொல் செல்லும் என்ற கேள்வியில் நிறமும் பிறப்பும் நுழைந்திருந்தன. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் பரதேசி ஜெபாலயத்தில் உள்ளே அமர முடியவில்லை, தோராவை ஓத அழைக்கப்படவில்லை. 16-ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து இத்தகைய வேற்றுமை பற்றிக் கெய்ரோவுக்கு எழுதிக் கேட்டபோது, ரபி தாவீது பென் சிம்ரா ஒதுக்கப்பட்டோர் பக்கமே தீர்ப்புச் சொன்னார். நடைமுறை மாறவில்லை. வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967) சத்தியாகிரக வழியில் போராடித்தான் அந்தத் தடைகளைத் தளர்த்தினார். ஆகவே சமூகம் இருந்த காலத்தில் கோஷர் முழுமையாக இருந்தது என்று சொல்லும்போது, அந்த முழுமைக்குள் இருந்த ஏற்றத்தாழ்வையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

5. தாளில் வாழும் கோஷர்

இன்றைய கொச்சியில் கோஷர் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. அது அடுப்படியை விட்டுத் தொழிற்சாலைக்குப் போயிருக்கிறது. கொச்சி வட்டாரத்தில் மிளகு, இஞ்சி, மஞ்சள், ஏலம் ஆகியவற்றிலிருந்து சாறும் எண்ணெயும் பிரித்தெடுக்கும் ஆலைகள் அவற்றை உலகச் சந்தைக்கு அனுப்புகின்றன. அந்த ஆலைகளில் பலவற்றுக்குக் கோஷர் சான்று உண்டு.

காரணம் வணிகம். அமெரிக்காவில் 1923-ல் ஹைன்ஸ் நிறுவனத்தின் அவரை டின்னில் ஆர்த்தடாக்ஸ் யூனியன் தன் முத்திரையைப் பதித்ததிலிருந்து பொட்டலத்தின் மீது சான்றுக்குறி இடும் முறை பரவியது. ஒரு பிஸ்கட் கோஷர் ஆக வேண்டுமானால் அதில் சேரும் கடைசித் துளி வாசனைச்சாறும் கோஷர் ஆக வேண்டும். எனவே சான்று பொருள் கிளம்பும் இடம்வரை பின்னோக்கிப் பயணிக்கிறது. தொலைதூர நகரம் ஒன்றின் ரபி வந்து கொப்பரைகளையும் கரைப்பான்களையும் பார்வையிட்டு, கையெழுத்திட்டுப் போகிறார்.

மட்டாஞ்சேரித் தெருவில் நின்று பார்த்தால் இதன் முரண் புலப்படும். மிளகு வணிகத்தின் பழைய மையம் அது. யூத வணிகர் கைமாற்றிய சரக்கு, யூதர் அருகிப்போன ஊரிலிருந்து, யூதச் சான்றோடு, யூதரல்லாத கோடிக்கணக்கானோர் உண்ணும் பண்டங்களுக்குப் போகிறது. அந்தச் சாறு கோஷர்தான், சந்தேகமில்லை. ஆனால் அதை வைத்து வெள்ளிக்கிழமை மாலை ஒரு விருந்தினருக்கு இலை போட முடியாது. தாள் பொருளின் தூய்மையை உறுதி சொல்கிறது. உட்கார வைத்துப் பரிமாறுவதற்கு வீடு வேண்டும்.

6. பயணியின் தட்டு

இனி, பயணியின் நடைமுறை. சைவ உணவகமே போதும் என்ற பொதுக்கருத்து பாதி சரி. இறைச்சி இல்லாத சமையலறையில் அறுப்பு, இரத்தம், பாலோடு கலப்பு ஆகிய பெருந்தடைகள் எழுவதில்லை. எஞ்சியவை நுட்பமானவை. காலிஃபிளவரிலும் கீரையிலும் பூச்சி பார்க்கப்பட்டதா? பாலாடைக்கட்டியில் சேர்ந்த நொதி எந்த விலங்கினுடையது? பச்சையாக உண்ண முடியாத, விருந்துத் தகுதியுள்ள உணவை யூதரல்லாதவர் மட்டுமே சமைக்கக் கூடாது என்ற விதிக்கு என்ன செய்வது? அடுப்பை யூதர் ஒருவர் பற்றவைத்தால் போதும் என்பது ஐரோப்பிய மரபு. பாத்திரத்தை அடுப்பிலேற்றுவதிலேயே அவர் கை பட வேண்டும் என்பது செஃபார்டிய மரபு. ஒரே மேசையில் அமரும் இரண்டு யூதர் இரண்டு முடிவுக்கு வரலாம்.

இந்தியப் பொட்டலங்களின் பச்சைப் புள்ளியைப் பலர் பற்றுக்கோடாகக் கொள்கிறார்கள். அது பண்டம் சைவம் என்பதற்குச் சாட்சி, அவ்வளவே. ஹலால் இறைச்சி கோஷருக்கு ஈடு என்பதும் தவறான எண்ணம். ஆகவே கண்டிப்பானவர் இளநீர், வாழைப்பழம், முத்திரையிட்ட உணவு என்று ஒதுங்குகிறார். இன்னும் சிலர் சந்தையில் செதிலோடு மீன் வாங்கித் தம் கத்தியால் அரிந்து, அலுமினியத் தாளில் இரட்டையாகச் சுற்றி விடுதி அடுப்பில் வேகவைக்கச் சொல்கிறார்கள். வாழையிலையில் பொதிந்த மீன் இந்த ஊரின் சிறப்பு உணவு. பயணியின் மீனும் பொதிந்தே வருகிறது, ஆனால் பிறர் பாத்திரத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்வதற்காக.

சாப்பாட்டோடு வழிபாடும் பிணைந்திருக்கிறது. பொதுத் தொழுகைக்கு வயதுவந்த பத்து ஆண்கள் வேண்டும். பரதேசி ஜெபாலயத்தில் அந்த எண்ணிக்கை வருகையாளர் சேர்ந்தால்தான் நிறைகிறது. காயல் தாண்டி எறணாகுளம் சந்தைக்குள், செடிகளும் வண்ண மீன்களும் விற்கும் கடைக்குப் பின்னால் கடவும்பாகம் ஜெபாலயம் இருக்கிறது. சனிக்கிழமை ஓய்வுநாளில் படகிலோ வண்டியிலோ ஏறக் கூடாது என்பதால், பயணி வெள்ளி மாலைக்குள் எந்தக் கரையில் தங்குவதென்று முடிவெடுத்தாக வேண்டும். அதே சனிக்கிழமை சுற்றுலாப் பயணிகளுக்குப் பரதேசி ஜெபாலயம் மூடியிருக்கும். வேடிக்கை பார்ப்பவர் ஏமாந்து திரும்பும் அந்த நாளில்தான் அந்தக் கட்டடம் தன் சொந்த வேலைக்கு உரியதாகிறது.

7. மரபுடைமையின் எல்லை

கேரள அரசின் முசிறித் திட்டத்தில் பறவூர், சேந்தமங்கலம் ஜெபாலயங்கள் பழுதுபார்க்கப்பட்டு அருங்காட்சியகங்களாகியுள்ளன. எறணாகுளத்திலுள்ளதன் பெயரையே கொண்ட மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் ஜெபாலயத்தின் மர வேலைப்பாடுகள் எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் உள்ளன. அதன் கூடான கட்டடம் கொச்சியில் கவனிப்பாரின்றி நின்று 2019-ல் ஒரு பகுதி இடிந்தது. கட்டடத்தைப் பெயர்த்து வேறிடத்தில் நிறுத்தலாம், இருந்த இடத்திலேயே பழுதுபார்க்கவும் செய்யலாம். சமையல் முறையை எழுதி வைக்கலாம். நம்பகமான ஆளின் சொல்லை அப்படிக் காட்சிப்பெட்டியில் வைக்க முடியாது.

இங்கே ஓர் எதிர்வாதத்தை எடைபோட வேண்டும். நெவாதிமிலும் மெசிலாத் சியோனிலும் அந்தச் சமையல் தொடர்கிறதே, கொச்சியில் அற்றுப்போனதற்கு ஏன் வருந்த வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே கோஷர் என்பது நாட்டின் பொது ஏற்பாடு. கடையில் வாங்கும் கோழி ஏற்கெனவே சான்று பெற்றது. கொச்சியில் ஒவ்வொரு கோழிக்கும் ஊருக்குள்ளேயே ஒரு ஆள் தேவைப்பட்டார். சிறுபான்மையாக வாழ்ந்துகொண்டே நெறியைக் காக்கும் திறமை இடம்பெயர்ந்தபோது தேவையற்றதாகிவிட்டது. இழப்பு என்று ஒன்று உண்டென்றால் அது அந்தத் திறமைதான். மும்பையின் பெனே இஸ்ரேல் யூதர் நடுவே அது இன்னும் புழக்கத்தில் இருப்பதும் ஒப்பிடத்தக்கது.

8. முடிவுரை

இந்த ஆய்விலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம்.

ஒன்று: கொச்சி யூதச் சமையலும் கோஷரும் ஒன்றல்ல. முன்னது சுவை மரபு. யாரும் கற்றுச் சமைக்கலாம், சமைப்பதும் நல்லதே. பின்னது பொறுப்பேற்கும் ஒருவரைக் கேட்கிறது. விடுதிகளும் சுற்றுலாத் துறையும் இந்த வேறுபாட்டை உணவுப் பட்டியலில் வெளிப்படையாக எழுதினால் யாருக்கும் நட்டமில்லை. அயலாருக்கு அது அறிவு, யூதப் பயணிக்கு அது நாணயம்.

இரண்டு: எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு சமூகத்தின் முடிவைக் கணக்கிடக் கூடாது. அறுப்பவர் போனதும் இறைச்சி போகிறது, பத்தாவது ஆண் போனதும் பொதுத் தொழுகை போகிறது, சமையலறையின் பொறுப்பை ஏற்ற பெண் போனதும் விருந்து போகிறது. இவை வெவ்வேறு நாட்களில் நிகழ்ந்த முடிவுகள்.

மூன்று: ஊருக்கும் விருந்தினருக்கும் இடையிலான உறவு தலைகீழாகியிருக்கிறது. அயல்நாட்டிலிருந்து வந்தவர்கள் எழுப்பிய ஜெபாலயமே பரதேசி ஜெபாலயம். ஊர் அவர்களுக்கு இடமும் உணவும் கொடுத்தது. இன்று குழுவாக வரும் யூதப் பயணிகள் தங்கள் சமையல்காரரையும் மேற்பார்வையாளரையும் தோரா ஓதுபவரையும் கூட்டிவருகிறார்கள். அவர்கள் இருக்கும் சில நாட்கள் கொச்சியில் கோஷர் சமையல் நடக்கிறது, பத்துப் பேர் சேர்கிறார்கள். கொச்சியின் யூத வாழ்வை இனி அளக்க விரும்புபவர் யூதத் தெருவில் வசிப்போரை மட்டும் எண்ணிப் பயனில்லை. யார் யாருக்காகச் சமைத்தார்கள், அந்தச் சமையலுக்கு யார் பொறுப்பேற்றார்கள் என்று கேட்க வேண்டும்.